கிளமீடியா சேர்த்த உடனே என்.எம்.டீ.ஏ வாங்கி கிளருது: கிருமியின் வேலையா, கரைசலின் வேலையா?

திருநெல்வேலி_மாணவி எழுதியது:

வணக்கம். கிளமீடியா நியூமோனியே (கலத்துக்குள் மட்டும் பெருகும் ஒரு பக்டீரியா) தொற்றினால் நரம்புக் கலங்களின் என்.எம்.டீ.ஏ வாங்கியில் (குளூட்டமேற் ஒட்டினால் திறந்து கல்சியத்தை உள்ளே விடும் புரதம்) மாற்றம் வருகிறதா என்று பார்க்கும் முதுநிலை ஆய்வு இது. மூன்று பெறுபேறுகள் கையில் இருக்கின்றன, ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. செய்முறையை முழுதாக எழுதுகிறேன். எங்கே பிழை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கிருமி: மக்கோய் என்ற ஆய்வுகூடக் கலவரிசையில் வளர்த்தது. ஊடகம் எம்.ஈ.எம், 10% மாட்டுக் கருச் சீரம், சைக்ளோஹெக்சிமைட் மி.லீ.க்கு 1 மைக்ரோகிராம், 72 மணித்தியாலம். கலங்களை எஸ்.பீ.ஜீ (கிருமியைச் சேமிக்கும்) கரைசலுக்குள் சுரண்டி எடுத்து, கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து, 500 ஜி-யில் 10 நிமிடம் சுற்றிக் குப்பையை இறக்கி, மேல்நீரைச் சிறு குழாய்களில் பிரித்து −80 பாகையில் வைத்திருக்கிறோம்.

நரம்புக் கலம்: 18ஆம் நாள் எலி முளையத்தின் மூளையப் புறணியிலிருந்து எடுத்து, 14 நாள் வளர்த்தது. ஊடகம் நியூரோபேசல், பி27 போசணைக் கலவை, பென்சிலின்-ஸ்ரெப்ரோமைசின்.

பெறுபேறு 1: புளூவோ-4 (கல்சியம் ஏறினால் ஒளிரும் சாயம்) ஏற்றிய நரம்புக் கலங்களுக்குக் கிருமிக் கரைசலை நூறில் ஒரு பங்காகச் சேர்த்தால் ஒரு நிமிடத்துக்குள் கல்சியம் சடுதியாக ஏறுகிறது. என்.எம்.டீ.ஏ வாங்கியைத் தடுக்கும் ஏ.பீ.வி 50 மைக்ரோமோலார் போட்டால் அந்த ஏற்றம் இல்லை. ஆகவே என்.எம்.டீ.ஏ வாங்கிதான். கட்டுப்பாட்டுக் குழிகளுக்கு அதே கனவளவு வெறும் ஊடகம்.

பெறுபேறு 2: 48 மணித்தியாலத்துக்குப் பிறகு ரிப்பா என்ற சவர்க்காரக் கரைசலில் கலங்களை உடைத்து வெஸ்ரேர்ண் புளொட் (புரதங்களைப் பட்டிகளாகக் காட்டும் முறை) செய்தால், தொற்றிய கலங்களில் என்.எம்.டீ.ஏ வாங்கியின் உறுப்பான குளு-என்-1 பட்டி மங்கிவிடுகிறது. கீழே சிறு துண்டுகள் தெரிகின்றன.

பெறுபேறு 3: ரிப்ரோபன் என்ற அமினோ அமிலம் கைனுரெனினாக மாறும் பாதையைப் பார்க்க, தொற்றிய மக்கோய் கலங்களுக்கு அந்தப் பாதையைத் தூண்டும் நோயெதிர்ப்புப் புரதமான மனித இன்ரர்பெரோன் காமா மி.லீ.க்கு 50 நனோகிராம் கொடுத்தோம். கைனுரெனின் ஏறவில்லை, கிருமியும் குறையவில்லை.

1ஐயும் 2ஐயும் நம்பலாமா? 3 ஏன் வேலை செய்யவில்லை?

---

கலவளர்ப்பு எழுதியது:

பெறுபேறு 1இல் நேரத்தை முதலில் பாருங்கோ. கிளமீடியாவின் தொற்றும் வடிவம், அதாவது அந்த 0.3 மைக்ரோமீற்றர் அடிப்படை உடல், கலத்துக்குள் போய்ப் பெருகும் வடிவமாக மாறவே பல மணித்தியாலம் எடுக்கும். ஒரு நிமிடத்தில் வருகிற கல்சியத்தைத் தொற்றின் விளைவு என்று சொல்ல முடியாது. ஒட்டும்போதே வாங்கியைத் தொடுகிறது என்று வேண்டுமானால் வாதிடலாம். ஆனால் அதற்கு முன்னால் உங்கட கரைசலில் என்ன இருக்கு என்று பார்க்க வேணும்.

எஸ்.பீ.ஜீ என்ற பெயரில் கடைசியில் நிற்கிற "ஜீ" குளூட்டமேற். வழமையான கலவை ஒரு லீற்றருக்கு: சுக்குறோஸ் 75 கிராம், பொற்றாசியம் இருஐதரசன் பொஸ்பேற் 0.52 கிராம், இருசோடியம் ஐதரசன் பொஸ்பேற் 1.22 கிராம், குளூட்டாமிக் அமிலம் 0.72 கிராம். குளூட்டாமிக் அமிலத்தின் மூலக்கூற்றுத் திணிவு 147. ஆகவே 0.72 கிராம் என்பது ஏறத்தாழ 5 மில்லிமோலார். நூறில் ஒன்றாக ஐதாக்கினால் 50 மைக்ரோமோலார். என்.எம்.டீ.ஏ வாங்கியைப் பாதியளவு கிளர்த்த 2, 3 மைக்ரோமோலார் குளூட்டமேற்றே காணும். நீங்கள் அதைப்போல இருபது மடங்கை ஊற்றுகிறீர்கள்.

ஏ.பீ.வி தடுத்ததால் நம்பிக்கை வந்திருக்கும். அது வாங்கி எது என்பதற்கு மட்டுமே சாட்சி. அந்த வாங்கியைத் தொட்டது யார் என்பதற்குச் சாட்சி இல்லை. குளூட்டமேற்றின் வேலையையும் ஏ.பீ.வி அப்படியே தடுக்கும்.

நாளைக்கே செய்யக்கூடிய சோதனை: கிருமிக் கரைசலை 0.1 மைக்ரோமீற்றர் வடிகட்டியால் தள்ளுங்கோ. அடிப்படை உடல் அதில் நிற்கும், குளூட்டமேற் போய்விடும். வடிநீர் மட்டுமே அதே கல்சிய ஏற்றத்தைத் தந்தால் கிருமிக்கு அதில் பங்கில்லை. இன்னொன்று, கிருமியை 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கிக் கொன்ற பிறகு சேர்ப்பது. கிருமி செத்தாலும் குளூட்டமேற் அசையாது. நேரடிச் சான்று வேணுமெண்டால் குளூட்டமேற்-பைருவேற் இடமாற்று நொதியம் மி.லீ.க்கு 5 அலகு, பைருவேற் 2 மில்லிமோலார் சேர்த்துச் சில நிமிடம் விட்டுப் பாருங்கோ. குளூட்டமேற்றை அது தின்றுவிடும். ஏற்றமும் மறைந்தால் முடிவு தெளிவு.

கட்டுப்பாட்டுக் குழியில் வெறும் ஊடகம் விடுவதுதான் இந்த வகை ஆய்வுகளில் வருகிற பெரிய பிழை. தொற்றாத மக்கோய் கலங்களை அதே எஸ்.பீ.ஜீ-யில், அதே மணிகளோடு, அதே அளவு நேரம் உடைத்து, அதே ஐதாக்கத்தில் விட வேணும். உடைந்த கலங்களின் சாறு தன்பாட்டுக்கும் குளூட்டமேற் கொண்டது. ஏ.ரீ.பீ-யும் உண்டு, அதுவும் கல்சியத்தைக் கிளப்பும்.

இனி வளர்க்கும் தொகுதிக்கு 2எஸ்.பீ கரைசலுக்கு மாறுங்கோ. சுக்குறோஸ் 0.2 மோலார் (லீற்றருக்கு 68.5 கிராம்), பொஸ்பேற் 0.02 மோலார், பீ.எச் 7.2. இதில் குளூட்டமேற் கிடையாது. உருக்குவது 37 பாகையில் விரைவாக, பிறகு பனிக்கட்டியில். திரும்ப உறைய வைக்க வேண்டாம், ஒவ்வொரு உறைவிலும் தொற்றுத்திறன் விழும். நீண்ட மின்வெட்டு வந்து உறைபெட்டியின் வெப்பநிலை ஏறியிருந்தால் பழைய எண்ணிக்கையை நம்பாமல் புதிதாகத் தொற்றலகு எண்ணுங்கோ.

இன்னும் ஒன்று. பென்சிலின்! நியூரோபேசலில் நீங்கள் போடுகிற பென்சிலின்-ஸ்ரெப்ரோமைசின் கிளமீடியாவைக் கொல்லாது, பிரிய விடாது. கிருமி வீங்கிய, பிறழ்ந்த வடிவமாக உள்ளுக்குள் கிடக்கும். 48 மணித்தியாலத்தில் நீங்கள் பார்த்தது சாதாரணத் தொற்றே அல்ல. கிருமி போடுவதற்கு இரண்டு நாள் முன்பே பென்சிலினை நிறுத்தி, தேவையென்றால் ஜென்ராமைசின் மி.லீ.க்கு 10 மைக்ரோகிராமோடு ஓடவிடுங்கோ. கல்சியம் அளக்கிற கரைசலில் எந்த நுண்ணுயிர்கொல்லியும் வேண்டாம்.

---

புரதப்பட்டி எழுதியது:

இரண்டாவது பெறுபேற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே பொறியில் உலகம் முழுக்க ஒரு தசாப்தம் மாட்டிக் கிடந்தது.

கிளமீடியா சீபாவ் என்ற புரதச்சிதைப்பு நொதியத்தை உண்டாக்கும். தொற்றின் பிற்பகுதியில் அது ஏராளமாக இருக்கும். 2001இல் கண்டறியப்பட்ட பிறகு, விருந்துவழங்கிக் கலத்தின் எத்தனையோ புரதங்களை இது வெட்டுகிறது என்று கட்டுரைகள் வந்தன. 2012இல் நிலைமை மாறியது. அந்த வெட்டில் பெரும்பகுதி உயிரோடிருந்த கலத்தில் நடந்ததல்ல, கலத்தை உடைத்த பிறகு குழாய்க்குள் நடந்தது என்று காட்டினார்கள். ரிப்பா கரைசல் கலத்தை உடைக்கும், ஆனால் சீபாவை நிறுத்தாது. கடையில் வாங்குகிற வழமையான புரதச்சிதைப்புத் தடுப்பான் கலவையும் போதாது. உங்களுடைய "கீழே சிறு துண்டுகள்" என்ற வரியைப் படித்தவுடன் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான்.

எப்படி உடைப்பது: ஊடகத்தை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, 95 பாகையில் சூடாக வைத்திருக்கும் 1% எஸ்.டீ.எஸ் (வலுவான சவர்க்காரம்) கரைசலை நேரே குழிக்குள் ஊற்றுங்கள். 6 குழித் தட்டில் குழிக்கு 200 மைக்ரோலீற்றர். உடனே சுரண்டி, குழாயில் இன்னும் 5 நிமிடம் 95 பாகை. டீ.என்.ஏ-யால் கூழாகும், ஊசிக்குப் பதில் சிறு நீர்த்தொட்டி ஒலியலைக் கருவியில் மூடியபடி விடுங்கள், தூவல் பறக்காது. 8 மோலார் யூரியாவும் சரி. எது செய்தாலும் பனிக்கட்டியில் ரிப்பாவோடு "மெதுவாக 30 நிமிடம்" என்ற பழக்கத்தை விட வேண்டும்.

பழைய மாதிரிகளை எறிய முதல் ஒரு கலப்புச் சோதனை செய்யுங்கள். தொற்றாத நரம்புக் கலச் சாற்றையும் தொற்றிய கலச் சாற்றையும், இரண்டும் ரிப்பாவில், சமமாகக் கலந்து 37 பாகையில் 30 நிமிடம் வையுங்கள். தொற்றாத சாற்றைத் தனியாக அதே நேரம் வையுங்கள். கலவையில் குளு-என்-1 பட்டி, ஏறத்தாழ 120 கிலோடால்ற்றன், பாதியிலும் கீழே போனால் வெட்டு குழாயில் நடக்கிறது. சூடான எஸ்.டீ.எஸ்-இல் உடைத்த இரண்டு சாறுகளைக் கலந்தால் அப்படி நடக்கக் கூடாது. இதற்கு ஒரு நாளும் ஒரு ஜெல்லும் போதும்.

ஆனால் உண்மையான குறைவும் இருக்கலாம். அப்போது அடுத்த கேள்வி, வாங்கி குறைந்ததா அல்லது நரம்புக் கலமே செத்ததா என்பது. அளவுப் புரதமாக அக்ரின் மட்டும் போதாது, நரம்புக் கலத்துக்கே உரிய பீற்றா-3 ரியூபியூலினையும் ஓட்டுங்கள். மேற்பரப்பு வாங்கி வேறு, மொத்த வாங்கி வேறு. மேற்பரப்பைப் பார்க்க 4 பாகையில் பயோற்றின் ஒட்டல் செய்யலாம், ஆனால் பிறகு கலத்தை உடைக்கும் கட்டத்தில் திரும்பவும் சீபாவ் வரும். ஆகவே முதலில் மொத்தத்தைச் சரியாக அளங்கள்.

சைக்ளோஹெக்சிமைட் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கிருமி வளர்க்கும் கலத்துக்கு அது நல்லது, விருந்துவழங்கியின் புரத ஆக்கத்தை நிறுத்திக் கிருமிக்கு உணவை மிச்சம் பிடிக்கும். நரம்புக் கலத்தில் போட்டால் வாங்கிப் புரதமே புதிதாக உண்டாகாது, குறைவுக்கு யார் காரணம் என்று ஒருநாளும் பிரிக்க முடியாது. உங்கள் செய்முறையில் நரம்புக் கலத்துக்கு நேரே அது போகவில்லை, ஆனால் கழுவாத கிருமிக் கரைசலில் மிச்சம் நிற்கும். குளூட்டமேற்றை நீக்கக் கிருமியை மையநீக்கியில் சுற்றிக் கழுவ வேண்டும், அதற்கு இது இன்னொரு காரணம்.

---

திருநெல்வேலி_மாணவி எழுதியது:

மிக்க நன்றி. கழுவுவதற்கு அதிவேக மையநீக்கி எங்கள் பகுதியில் இல்லை, மேசை மேல் வைக்கிற குளிர் நுண்மையநீக்கிதான். அது காணுமா? மற்றது, 3ஆவது பெறுபேற்றுக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. இன்ரர்பெரோன் பழுதடைந்திருக்குமோ?

---

கலவளர்ப்பு எழுதியது:

காணும். 16,000 ஜி-க்கு மேல், 4 பாகை, 30 நிமிடம். அடிப்படை உடல் அடியில் மெல்லிய வெண்தடமாக இறங்கும். மேல்நீரை எடுத்து, 2எஸ்.பீ-யில் கலக்கித் திரும்ப ஒருமுறை. ஒரு முறை போதாது, அடியில் நிற்கிற துளியோடு குளூட்டமேற் வரும். இரண்டு கழுவலுக்குப் பிறகு தொற்றலகு எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று கட்டாயம் பாருங்கோ. மெதனோலில் 10 நிமிடம் நிலைநிறுத்தி, ஒளிரும் பிறபொருளெதிரியால் உட்பொதிகளை (கலத்துக்குள் கிருமி பெருகும் பைகள்) எண்ணுவது. நியூமோனியேக்கு 72 மணித்தியாலம் வரை விட வேணும்.

தூய்மை இன்னும் வேணுமெண்டால் டயற்ரிசோவேற் படிநிலை (அடர்த்தி வேறான கரைசல் அடுக்குகள்), 40, 44, 52 வீதம். அடிப்படை உடல் 44க்கும் 52க்கும் இடையில் தங்கும். அதற்கு மேல்மையநீக்கி வேணும், உள்ளவர்களிடம் ஒரு நாள் கேட்டு வாங்கிச் செய்யுங்கோ. மூடியுள்ள வாளிகளில்தான் சுற்ற வேணும், திறப்பது உயிர்காப்பு அலுமாரிக்குள். கிளமீடியா தூவலாகப் பறந்தால் ஆய்வுகூடத்தில் நிற்பவருக்குத்தான் நுரையீரல் அழற்சி.

---

நரம்பிணைப்பு எழுதியது:

இன்ரர்பெரோன் பழுதில்லை. மக்கோய் கலம் சுண்டெலிக் கலம். முதலில் மனித மூட்டுத்திரவக் கலம் என்று பதிந்து பிறகு சுண்டெலி என்று கண்டுபிடித்தார்கள். பழைய செய்முறை ஏடுகளில் அந்தப் பழைய பெயர் இன்னமும் இருக்கு. மனித இன்ரர்பெரோன் காமா சுண்டெலிக் கலத்தின் வாங்கியில் வேலை செய்யாது. உங்கட எலி நரம்புக் கலங்களிலும் வேலை செய்யாது.

சரி, அப்ப சுண்டெலி இன்ரர்பெரோன் வாங்குவம் எண்டு நினைக்க வேண்டாம். மனிதக் கலத்தில் இன்ரர்பெரோன் காமா ஐ.டீ.ஓ என்ற நொதியத்தை எழுப்பி ரிப்ரோபனைத் தீர்த்துவிடும், கிளமீடியா பட்டினி கிடக்கும். சுண்டெலியில் முக்கியமான ஆயுதம் அது இல்லை, ஐ.ஆர்.ஜி என்ற ஜீ.ரீ.பீ-யேஸ் புரதக் கூட்டம்தான். ஆகவே ரிப்ரோபன் பாதையைப் பற்றிய கேள்வியை மனிதக் கலத்தில் மட்டுமே கேட்கலாம். ஹீலா, ஹெப்-2 (அதுவும் ஹீலாதான்), அல்லது ரீ.எச்.பீ-1.

இந்தப் பாதைதான் உங்கட ஆய்வில் மூளையும் கிளமீடியாவும் உண்மையில் சந்திக்கிற இடம். அதனால் கொஞ்சம் விரித்து எழுதிறன்.

ரிப்ரோபன் கைனுரெனினாக மாறும். கைனுரெனின் குருதி-மூளைத் தடையைக் கடக்கும். மூளைக்குள் நுண்கிளியாக் கலம் அதைக் குயினோலினிக் அமிலமாக்கும், அது என்.எம்.டீ.ஏ வாங்கியைக் கிளர்த்தும். விண்மீன்கலம் கைனுரெனிக் அமிலமாக்கும், அது அதே வாங்கியைத் தடுக்கும். ஒரே மூலப்பொருள், எதிரெதிர் வேலை. ஆகவே "கைனுரெனின் ஏறியது, ஆகவே வாங்கி கிளர்ந்தது" எண்டு எழுத ஏலாது. ஹீலா பெரும்பாலும் கைனுரெனினோடேயே நிண்டுவிடும். குயினோலினிக் அமிலம் வேணுமெண்டால் மக்குரோபேச் வகைக் கலம் வேணும்.

ஊடகத் தெரிவு இங்கே எல்லாத்தையும் தீர்மானிக்கும். ரிப்ரோபன் டீ.எம்.ஈ.எம்-இல் லீற்றருக்கு 16 மி.கி, அதாவது 78 மைக்ரோமோலார். எம்.ஈ.எம்-இல் 10 மி.கி, 49 மைக்ரோமோலார். ஆர்.பீ.எம்.ஐ-1640இல் 5 மி.கி, 24.5 மைக்ரோமோலார். சீரமும் கொஞ்சம் கொண்டுவரும். டீ.எம்.ஈ.எம்-இல் கிருமி அடங்கவில்லை, ஆர்.பீ.எம்.ஐ-யில் அடங்கியது எண்டால் அதிசயமில்லை, பட்டினி வர எடுக்கிற நேரம் வேறு. எல்லாக் குழிக்கும் ஒரே ஊடகம், ஒரே கனவளவு, முடிந்தால் கூழ்பிரித்த சீரம். ஆர்.பீ.எம்.ஐ-யை நரம்புக் கலத்துக்கு மாற்றி ஊற்றப் போறீங்கள் எண்டால் இன்னொரு எச்சரிக்கை: அதில் குளூட்டாமிக் அமிலம் லீற்றருக்கு 20 மி.கி, 136 மைக்ரோமோலார் ஏற்கெனவே இருக்கு!

இன்ரர்பெரோனைக் கிருமிக்கு 24 மணித்தியாலம் முன்பே கொடுங்கோ. மி.லீ.க்கு 0.2, 1, 5, 25 நனோகிராம் எண்டு படியாக வையுங்கோ. குறைந்த அளவில் கிருமி சாகாமல் பிறழ்ந்த வடிவத்தில் நிற்கும், கூடின அளவில் தீர்ந்துவிடும். தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறும்.

கைனுரெனின் அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மேல்நீர் 100 மைக்ரோலீற்றர், 30% முக்குளோரோ அசற்றிக் அமிலம் 50 மைக்ரோலீற்றர், 50 பாகையில் 30 நிமிடம். இந்தச் சூடு இல்லாவிட்டால் என்-போர்மைல் கைனுரெனின் (கைனுரெனினுக்கு முந்திய பொருள்) அப்படியே நிண்டு அளவு குறைவாகக் காட்டும். பிறகு 10,000 ஜி-யில் 10 நிமிடம், தெளிந்ததில் 75 மைக்ரோலீற்றர் எடுத்து அதே அளவு ஏர்லிச் கரைசல், அதாவது தூய அசற்றிக் அமிலத்தில் 2% பரா-இருமெதைல் அமினோ பென்சல்டிகைட், 10 நிமிடத்தில் மஞ்சள் வரும், 490 நனோமீற்றரில் வாசியுங்கோ. நியமக் கரைசலையும் நீரில் இல்லாமல் அதே ஊடகத்தில் செய்யுங்கோ, பீனோல் சிவப்பு நிறம் குழப்பும். பெறுபேற்றைச் சரிபார்க்க ஒரு கணக்கு: எம்.ஈ.எம்-இல் கைனுரெனின் 49ஓடு சீரத்தின் பங்கையும் தாண்ட ஏலாது. 90 எண்டு வந்தால் அளவீட்டில் பிழை.

ரிப்ரோபன்தான் காரணமா எண்டு காட்ட வழமையாக ரிப்ரோபனைத் திரும்பக் கொடுப்பினம். உங்கட கேள்விக்கு அது பொருந்தாது, கொடுத்த ரிப்ரோபன் அதிகக் கைனுரெனினாக மாறி வாங்கிப் பக்கத்தையும் கிளப்பும். இன்டோல் சிறந்த வழி. இன்னொரு கிளமீடியா இனமான ட்ரக்கோமற்றிஸின் பிறப்புறுப்பு வகை இன்டோலை ரிப்ரோபனாக்கும், கலத்தால் ஏலாது. ஆனால் கிளமீடியா நியூமோனியேக்கு அந்த மரபணுக்களே இல்லை. ஆகவே ட்ரக்கோமற்றிஸ் டீ வகையை ஒப்பீட்டுக்கு ஓட்டுங்கோ. இன்டோலால் அது மீளும், நியூமோனியே மீளாது. இரண்டும் ஒரே தட்டில் வந்தால் நல்ல படம்.

கடைசியாக அளவு. குயினோலினிக் அமிலம் பலவீனமான கிளர்த்தி, பாதியளவு கிளர்வுக்கே நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் வேணும். எம்.ஈ.எம்-இல் உள்ள ரிப்ரோபன் முழுவதும் குயினோலினிக் அமிலமானாலும் 49 மைக்ரோமோலார்தான். ஆகவே உடனடிக் கல்சியத்தைத் தேடாமல், நாள் கணக்கில் குறைந்த அளவில் ஊறவிட்டு இணைப்புகள் தேயுதா எண்டு பாருங்கோ.

---

நல்லதண்ணி எழுதியது:

ஒருவரும் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. என்.எம்.டீ.ஏ அளவீட்டுக்கு மக்னீசியம் இல்லாத கரைசல் வேணும், ஓய்வு நிலையில் இருக்கும் கலத்தில் மக்னீசியம் வாங்கியின் துளையை அடைத்துக்கொண்டு நிற்கும். எங்கட யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது, கல்சியமும் மக்னீசியமும் தாராளம். வடிகலனில் உப்புப் படிந்து நீர் தெறித்தாலோ, அயன்மாற்றிப் பொதி தீர்ந்தாலோ தெரியாமல் உள்ளே வரும். கணக்கைப் பாருங்கோ: கிணற்று நீரில் லீற்றருக்கு 24 மி.கி மக்னீசியம் என்றால் 1 மில்லிமோலார். அதில் ஐம்பதில் ஒரு பங்கு தவறி வந்தாலே 20 மைக்ரோமோலார், அடைப்பு உணரத் தொடங்கும் அளவு.

அயன்மாற்றியின் அளவுமானி 18.2 மெகாஓம் சென்றிமீற்றர் காட்ட வேணும். மானி இல்லையென்றால் பீ.எச் 10இல் ஈரியோகுரோம் பிளக் ரீ ஒரு துளி. சிவப்பு வந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். நீலம் வந்தால் பெரிய பிழை இல்லை என்று மட்டும் அர்த்தம். இரண்டு முறை வடித்ததைப் பாவியுங்கோ. போத்தலின் உட்சுவரில் வெள்ளைப் படை இருந்தால் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தால் கழுவி, வடித்த நீரால் நாலைந்து தரம் அலசுங்கோ.

கரைசல், லீற்றருக்கு: சோடியம் குளோரைட் 8.18 கிராம், பொற்றாசியம் குளோரைட் 0.37, கல்சியம் குளோரைட் இருநீரேற்று 0.29, ஹெப்பஸ் 2.38, குளுக்கோஸ் 1.80, கிளைசின் 0.75 மி.கி. பீ.எச் 7.4 சோடியம் ஐதரொட்சைட்டால். கிளைசினை மறந்தால் குளூட்டமேற் எவ்வளவு விட்டாலும் வாங்கி நன்றாகத் திறக்காது. கலங்கள் தங்களுக்குள் பேசிக் கல்சியம் தானாகத் துள்ளினால் நரம்புத் துடிப்பை நிறுத்தும் ரெற்றோடொட்சின் 1 மைக்ரோமோலார்.

---

நுண்ணங்கி எழுதியது:

கட்டுரையின் முன்னுரைக்கு இரண்டு விசயம். "கிளமீடியாவின் வாங்கி" என்று எழுதும்போது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். கிருமி கலத்துக்குள் நுழையப் பிடிக்கிற வாங்கி வேறு: நியூமோனியேயின் பீ.எம்.பீ-21 புரதம் ஈ.ஜீ.எப் வாங்கியைப் பிடிக்கும், ட்ரக்கோமற்றிஸ் எப்-ஏ-2 வாங்கியைப் பிடிக்கும். என்.எம்.டீ.ஏ வாங்கி நுழைவாயில் என்று இதுவரை யாரும் காட்டவில்லை.

மற்றது அல்சைமர். 1998இல் 19 நோயாளர் மூளைகளில் 17இல் நியூமோனியேயின் டீ.என்.ஏ, ஒப்பீட்டு மூளைகளில் 19இல் ஒன்றில் மட்டும் என்று வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு சில குழுக்கள் தேடியபோது காணவில்லை. 2022இல் சுண்டெலியின் மூக்கு வழியே மணநரம்பாலும் முக்கிளை நரம்பாலும் 72 மணித்தியாலத்துக்குள் மூளைக்குப் போகும் என்று காட்டியிருக்கிறார்கள். போகும் என்பதும் நோயை உண்டாக்கும் என்பதும் ஒன்றல்ல. இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள், ஆய்வுமுன்வைப்பில் அதைத்தான் கேட்பார்கள்.

---

திருநெல்வேலி_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, அண்ணை அக்காமாருக்கு. இந்தக் கிழமை 0.1 வடிநீரும், ரிப்பாக் கலப்புச் சோதனையும். அது முடிய 2எஸ்.பீ-யில் புதிய தொகுதி, பென்சிலின் இல்லாத நரம்புக் கலம், தொற்றாத கலச்சாற்றுக் கட்டுப்பாடு. இன்ரர்பெரோன் பகுதியை ஹீலாவில் புதிதாகத் தொடங்குகிறேன்.

புதிய தொகுதியையும் மக்கோயில் வளர்க்கலாமா, அல்லது அதையும் ஹெப்-2க்கு மாற்ற வேணுமா?

---

கலவளர்ப்பு எழுதியது:

நியூமோனியே ஹெப்-2இல் நன்றாக வளரும், மாற்றுங்கோ. ரிப்ரோபன் பரிசோதனைக்குப் போகிற கிருமியோடு சுண்டெலிப் புரதமும் வராது. மாற்றுவதற்கு முன் புதிய கலத்தை மைக்கோபிளாஸ்மாவுக்குப் பீ.சீ.ஆர் செய்யுங்கோ. கிருமித் தொகுதிக்குள் அது ஒருமுறை போனால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

2எஸ்.பீ பற்றி நான் மேலே எழுதியதில் ஒரு திருத்தம்: கரைசலை மாற்றினால் மட்டும் குளூட்டமேற் போய்விடாது. மணிகளோடு உடைத்த கலச்சாற்றின் குளூட்டமேற் 2எஸ்.பீ-யிலும் இருக்கும். கழுவல் இரண்டும் கட்டாயம். கழுவிய பிறகும் வடிநீர்ச் சோதனையை ஒவ்வொரு தொகுதிக்கும் திரும்பச் செய்து, ஏற்றம் இல்லை என்று கண்ட குழாய்களை மட்டும் நரம்புக் கலத்துக்கு எடுத்துவையுங்கோ.